ஹெல்மர் வீட்டுக் கடன்: யார் யாரை அண்டி இருந்தார்கள்?

நார்வே நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகம் 1879 டிசம்பர் 4 அன்று கோபன்ஹேகனில் புத்தகமாக வெளிவந்தது. முதல் பதிப்பு 8,000 பிரதிகள். ஒரு மாதத்துக்குள் தீர்ந்துபோயின. அதே மாதம் 21-ஆம் தேதி அங்குள்ள அரச நாடக அரங்கில் நடிகை பெட்டி ஹென்னிங்ஸ் கதாநாயகி நோராவாக மேடையேறினார். கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டுவிட்டு ஒரு பெண் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகிறாளே, அதைப் பற்றித்தான் அன்றிலிருந்து எல்லோரும் பேசுகிறோம்.

இந்த ஆய்வில் நான் எடுத்துக்கொண்டது கதவை அல்ல, கடனை. நோரா ரகசியமாக வாங்கி, ரகசியமாக அடைத்துவந்த அந்தக் கடனைப் பத்திரம் பத்திரமாகப் பின்தொடர்ந்து போனால், அந்த வீட்டில் யார் யாரை அண்டி இருந்தார்கள் என்பது வேறு மாதிரி தெரிகிறது. நோரா கணவனை அண்டி வாழ்ந்தாள் என்பது சட்டமும் ஊரும் கண்ட பாதி. தன் மனைவி தன்னை அண்டி இருக்கிறாள் என்ற நினைப்பை விட்டால் ஹெல்மருக்கு நிற்க வேறு தரையே இல்லை என்பது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதியைத்தான் இப்சன் அதிகக் கவனத்தோடு எழுதியிருக்கிறார் என்பது என் வாதம்.

கடன் எப்படி வந்தது

கல்யாணமான புதிதில் டோர்வால்ட் ஹெல்மர் அரசாங்க வேலையை விட்டுவிட்டு, கூடுதல் வருமானத்துக்காக இரவும் பகலும் உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறான். தெற்கே வெப்பமான ஊருக்குப் போனால்தான் பிழைப்பான் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சொல்வது அவனிடம் அல்ல, நோராவிடம். அவனுக்குத் தன் நோயின் கடுமை தெரியக்கூடாதாம்.

நோரா முதலில் சாதாரண வழியில் முயன்று பார்க்கிறாள். மற்ற இளம் மனைவிகளைப் போல எனக்கும் வெளிநாடு பார்க்க ஆசை என்று கெஞ்சுகிறாள், அழுகிறாள், கடன் வாங்கலாமே என்று ஜாடையாகச் சொல்கிறாள். ஹெல்மருக்குக் கோபம் வருகிறது. உன் சபலங்களுக்கு இடம் கொடுக்காமல் இருப்பது கணவனாக என் கடமை என்கிறான். அவனைக் காப்பாற்றச் சொன்ன பேச்சு, அவன் காதில் ஒரு சின்னப் பெண்ணின் அடமாக விழுகிறது. அவள் வேறு எந்த முறையில் கேட்டிருந்தாலும் அவனுடைய நோயைச் சொல்லியாக வேண்டியிருந்திருக்கும்.

அப்புறம் அவள் தானே பணம் ஏற்பாடு செய்கிறாள். தொகை 1,200 ஸ்பீசிடாலர். புதிய நாணயக் கணக்கில் 4,800 குரோனர். ஏற்பாடு செய்து கொடுத்தவன் குரோக்ஸ்டாட் என்ற வக்கீல். கணவனின் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாது என்பது அன்றைய நிலை. நோராவின் தோழி கிரிஸ்டீன் லிண்டே முதல் அங்கத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறாள். அதனால் நோராவின் அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவோ சாகக் கிடக்கிறார். அந்த நிலையில் அவரிடம் போய், உங்கள் மருமகனும் சாகக் கிடக்கிறார் என்று எப்படிச் சொல்வது? நோரா அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுவிடுகிறாள். கீழே எழுதிய தேதி அக்டோபர் 2. அப்பா இறந்தது செப்டம்பர் 29. மூன்று நாள் முன்பே இறந்துபோனவர் போட்ட கையெழுத்து. குரோக்ஸ்டாட் கையில் அவள் சிக்கியது இந்த மூன்று நாளில்தான்.

இத்தாலியில் ஒரு வருடம். கணவன் பிழைத்து வருகிறான். பணம் எங்கிருந்து வந்தது என்றால், அப்பா கொடுத்தார் என்று பதில்.

கடனை அடைத்த விதத்தைப் பார்த்தால் நோராவை வெகுளி என்று சொல்ல முடியாது. வீட்டுச் செலவுப் பணத்தில் அதிகம் பிடிக்க முடியாது. டோர்வால்டுக்கு நல்ல சாப்பாடு வேண்டும், குழந்தைகளுக்கு நல்ல உடுப்பு வேண்டும். எனவே தன் துணிமணிக்குக் கிடைத்ததில் பாதியைத் தவணைக்கு ஒதுக்குகிறாள். ஒரு குளிர்காலத்தில், கிறிஸ்துமஸ் மரத்துக்கு அலங்காரம் செய்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நள்ளிரவு வரை பிரதியெடுக்கும் வேலை செய்கிறாள். களைப்பாக இருந்தாலும் உட்கார்ந்து வேலை செய்து சம்பாதிப்பது சந்தோஷமாக இருந்தது, கிட்டத்தட்ட ஆணாக இருப்பது போல இருந்தது என்று கிரிஸ்டீனிடம் சொல்கிறாள். அந்தச் சந்தோஷத்துக்குப் பெண்களின் பக்கத்தில் அவளுக்குப் பெயர் கிடைக்கவில்லை. சம்பாத்தியம் என்றால் ஆண் என்றுதான் அவளும் நினைக்கிறாள்.

இதே பெண் திரை விலகும்போது எப்படி இருக்கிறாள் என்று பாருங்கள். பாதாம் மக்ரூன் தின்றுவிட்டுக் கணவன் வருமுன் வாயைத் துடைத்துக்கொள்கிறாள். பல் கெட்டுவிடும் என்று அவன் தடை போட்டிருக்கிறான். அவன் அவளை வானம்பாடி என்கிறான், அணில் என்கிறான், ஊதாரிப் பறவை என்கிறான். அவன் கொடுக்கிற பணத்தை அவள் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று எண்ணி, துள்ளி வாங்கிக்கொள்கிறாள். கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்றால், அதுவும் பணமாகவே வேண்டும் என்கிறாள். எல்லாம் அப்பாவிடமிருந்து வந்த ரத்தம், காசு உன் விரலிடுக்கில் வழிந்துவிடுகிறது என்று அவன் அன்போடு கடிந்துகொள்கிறான். வழிந்த காசு போன இடம் அவனுடைய உயிருக்கு வாங்கிய கடன்.

ஏன் சொல்லவில்லை

கிரிஸ்டீன் நேராகவே கேட்கிறாள்: இத்தனை வருடமாகக் கணவனிடம் சொல்லவே இல்லையா?

நோராவின் பதிலில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. என் பார்வையில் மொத்த நாடகத்துக்கும் சாவி இந்த இரண்டும்தான். முதலாவது, எனக்கு ஏதோ கடன்பட்டிருக்கிறார் என்று தெரிந்தால், டோர்வால்டுக்கு இருக்கிற ஆண் என்ற தன்மானத்துக்கு அது எத்தனை வேதனையாக, எத்தனை அவமானமாக இருக்கும்! எங்கள் உறவே தலைகீழாகிவிடும், எங்கள் அழகான வீடு இப்போது இருப்பது போல இருக்காது என்கிறாள். இரண்டாவதை அரைப் புன்னகையோடு சொல்கிறாள். ஒரு நாள் சொல்லுவேன், பல வருடம் கழித்து, நான் இவ்வளவு அழகாக இல்லாதபோது. என் ஆட்டமும் வேஷமும் ஒப்பித்தலும் அவருக்குச் சலித்துப்போகும்போது கையில் ஏதாவது மிச்சம் இருப்பது நல்லதுதானே.

முதல் காரணத்தில் ஆண்மை என்ன பொருளால் ஆனது என்பது இருக்கிறது. அது கடன்படாத நிலை. மனைவியின் கையால் உயிர் பிழைத்தேன் என்று தெரிந்த நாளில் அது உடையும் என்று மனைவிக்கே தெரியும். அதனால் அவள் அதைத் தன் பொய்யால் முட்டுக் கொடுத்துத் தாங்குகிறாள். இரண்டாம் காரணத்தில் பெண்மை என்ன பொருளால் ஆனது என்பது இருக்கிறது. அதற்குக் காலாவதித் தேதி உண்டு. அழகு தீர்ந்த பிறகு காட்ட ஒரு செய்நன்றிக் கணக்கைச் சேமித்து வைத்திருக்கிறாள். இந்த வீட்டுக்குள் நடக்கும் வரவு செலவு பற்றி இவ்வளவு தெளிவாக யோசித்த இன்னொரு ஆள் அந்த நாடகத்தில் கிடையாது. வங்கி மேலாளராகப் போகிறவன் உட்பட.

ஹெல்மரின் சார்பு

ஹெல்மரைக் கொடியவனாக நடிக்கும் மேடையேற்றங்கள் நாடகத்தைக் கெடுத்துவிடுகின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவன் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, கடன் வாங்குவதில்லை. புத்தாண்டிலிருந்து பங்கு வங்கியின் மேலாளர். மனைவி மேல் உண்மையான மோகம் இருக்கிறது. அவனைப் பார்க்க வேண்டிய இடம், அவன் எதைக் கண்டு பதறுகிறான் என்பது.

வங்கியில் கீழ் வேலையில் இருக்கும் குரோக்ஸ்டாடை அவன் நீக்கத் தீர்மானிக்கிறான். குரோக்ஸ்டாட் ஒரு காலத்தில் போலிக் கையெழுத்துக் குற்றத்தில் மாட்டியவன், பொய்யிலே வாழும் தகப்பன் குழந்தைகளுக்கு நஞ்சு ஊட்டுகிறான் என்றெல்லாம் முதலில் உயர்ந்த காரணங்கள் வருகின்றன. நோரா விடாமல் மன்றாட மன்றாட, உண்மைக் காரணம் வெளியே வருகிறது. இருவரும் இளமையில் பழகியவர்கள். அந்த உரிமையில் குரோக்ஸ்டாட் மற்றவர்கள் முன்னால் நீ, நீ, ஹெல்மர் என்று ஒருமையில் நெருக்கமாகப் பேசுகிறான். அது ஹெல்மருக்குச் சகிக்கவில்லை. குற்றத்தைக்கூட மன்னித்திருக்கலாம், வேலையிலும் அவன் கெட்டிக்காரன்தானாம். மரியாதைக் குறைவைத்தான் மன்னிக்க முடியவில்லை. இது சின்னத்தனமான காரணம் இல்லையா என்று நோரா கேட்டதும் அவன் கொதித்துப்போய், அந்த நிமிடமே நீக்கக் கடிதத்தை வேலைக்காரியிடம் கொடுத்து அனுப்பிவிடுகிறான். மனைவி சொல்லி முடிவை மாற்றிக்கொண்டான் என்று வங்கி ஆட்கள் பேசிவிடுவார்களே என்பது ஏற்கெனவே அவனுக்கு இருக்கும் பயம். மற்ற ஆண்களின் கண்ணில் தான் எப்படித் தெரிகிறேன் என்பதை விட்டால் அவனுடைய ஆண்மைக்கு வேறு இருப்பிடம் இல்லை.

கடிதத்தை அனுப்பிவிட்டு ஒரு வீர வசனம் பேசுகிறான்: என்ன வந்தாலும் வரட்டும், எனக்குத் துணிவும் வலுவும் உண்டு, எல்லாவற்றையும் என் தோளில் ஏற்றுக்கொள்ளும் ஆண் நான். வெறும் வாய்ச்சொல்தான். நோரா அதை நம்பிவிடுகிறாள். போலிக் கையெழுத்து வெளிப்பட்டால் கணவன் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வான், ‘நான்தான் குற்றவாளி’ என்று உலகத்தின் முன் நிற்பான் என்று உறுதியாக எதிர்பார்க்கிறாள். அதைத்தான் அவள் ‘அற்புதம்’ என்கிறாள். அப்படி நடக்க வேண்டும் என்று ஏங்குகிறாள்; நடந்துவிடாமல் இருக்க, தண்ணீரில் விழுந்து சாகவும் தயாராகிறாள். நோராவின் உண்மையான சார்பு சோறும் துணியும் அல்ல, இது. ஆண்மையைப் பற்றி ஹெல்மர் சொல்லிக்கொள்ளும் கதையை ஹெல்மரைவிட ஆழமாக நம்பியவள் அவள். எட்டு வருடக் குடித்தனத்தை அந்த நம்பிக்கை தாங்கியது.

அவளுடைய பெண்மையை வடிவமைப்பவனும் ஹெல்மர்தான். மேல்மாடியில் ஸ்டென்போர்க் வீட்டு மாறுவேட விருந்தில் அவள் நேப்பிள்ஸ் மீனவப் பெண்ணாக வேடமிட்டு, காப்ரியில் கற்ற டாரன்டெல்லா என்ற இத்தாலிய நடனத்தை ஆட வேண்டும். வேஷம் அவன் தேர்ந்தது, பயிற்சி அவன் கொடுப்பது. ஆட்டம் முடிந்து கைதட்டல் உச்சத்தில் இருக்கும்போதே அவளை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறான். வெளியேறுவது எப்போதும் மனதில் நிற்கும்படி இருக்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்து அங்கே உட்கார்ந்திருக்கும் கிரிஸ்டீனுக்கு அறிவுரை சொல்கிறான்: பின்னல் போடாதீர்கள், அது பார்க்க அழகில்லை, பூவேலை செய்யுங்கள், கை அழகாக வளையும். உழைத்துப் பிழைக்கும் விதவையிடம் அவனுக்குப் பேசக் கிடைத்த விஷயம் அது. பெண் கைகள் என்ன செய்கின்றன என்பதைவிட எப்படித் தெரிகின்றன என்பதே அவனுக்குக் கண்ணில் படுகிறது.

அன்று இரவு தனிமையில் அவன் தன் ரகசியக் கற்பனையைச் சொல்கிறான். விருந்துகளில் உன்னோடு குறைவாகப் பேசி விலகி நிற்பேனே, ஏன் தெரியுமா? நீ என் ரகசியக் காதலி என்று நினைத்துக்கொள்வேன். சிறிது நேரம் கழித்து, அதையும் தாண்டிப் போகிறான்: உனக்கு ஏதாவது பெரிய ஆபத்து வர வேண்டும் என்று எத்தனையோ முறை ஆசைப்பட்டிருக்கிறேன், என் உயிரையும் எல்லாவற்றையும் பணயம் வைத்து உன்னைக் காப்பாற்ற. நினைத்துப் பாருங்கள், மனைவிக்கு ஆபத்து வர வேண்டும் என்று ஒருவன் ஏங்குகிறான். காப்பாற்ற ஆள் இல்லாவிட்டால் காப்பாற்றுகிறவன் என்ற வேஷத்துக்கு வேலை இல்லை. நோரா உடனே சொல்கிறாள்: இப்போது உன் கடிதங்களைப் படி.

இரண்டு கடிதங்கள்

கடிதப் பெட்டியின் சாவி ஹெல்மரிடம் மட்டும் இருக்கிறது. அந்தப் பூட்டில் உடைந்த கொண்டை ஊசி ஒன்றை அவன் கண்டுபிடிக்கிறான். குழந்தைகள் வேலையாக இருக்கும் என்று நோரா சமாளிக்கிறாள். குரோக்ஸ்டாடின் முதல் கடிதம் உள்ளே கிடந்து இப்போது வெளியே வருகிறது.

படித்ததும் அவன் சொல்பவை: பாசாங்குக்காரி, பொய்க்காரி, குற்றவாளி. உன் அப்பாவின் ஒழுக்கக்கேடு முழுக்க உனக்கு வந்திருக்கிறது. என் மகிழ்ச்சியை அழித்துவிட்டாய், என் எதிர்காலத்தை நாசமாக்கிவிட்டாய். வெளிப்பார்வைக்கு நீ இந்த வீட்டிலேயே இருப்பாய். குழந்தைகளை வளர்க்க மட்டும் உன்னை விடமாட்டேன். அற்புதம் நடக்கவில்லை. ஆபத்து வந்தால் உயிரைக் கொடுப்பேன் என்று சொல்லிச் சில நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டாவது கடிதத்தில் குரோக்ஸ்டாட் பத்திரத்தையே திருப்பி அனுப்பிவிடுகிறான். ஹெல்மர் கத்துகிறான்: “நான் தப்பித்தேன்! நோரா, நான் தப்பித்தேன்!” அவள் கேட்கிறாள்: “நான்?” நீயும்தான், நாம் இருவரும் தப்பித்தோம் என்று அவசரமாகச் சேர்த்துக்கொள்கிறான். பத்திரத்தை அடுப்பில் போட்டு எரிக்கிறான்.

பொதுவாக எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த ‘நான் தப்பித்தேன்’ வசனத்தைத்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து வரும் மன்னிப்புப் பேச்சு. நோரா வேஷத்தைக் களைய உள்ளே போயிருக்கிறாள். ஹெல்மர் வாசலில் நடந்துகொண்டே, யாரும் கேட்காமல், நிம்மதியாகப் பேசுகிறான். மனைவியை முழு மனதோடு மன்னித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் அறிவது ஓர் ஆணுக்குச் சொல்ல முடியாத இனிப்பும் நிறைவும் தருகிறது. அதனால் அவள் இரட்டிப்பாக அவனுடைய உடைமையாகிறாள். அவளை அவன் உலகத்துக்குப் புதிதாகப் பெற்றெடுத்தது போல. ஒரு வகையில் அவள் அவனுக்கு மனைவியும் ஆகிறாள், குழந்தையும் ஆகிறாள். பயப்படாதே, நீ என்னிடம் மனம் திறந்திருந்தால் போதும், உனக்கு விருப்பமாகவும் மனசாட்சியாகவும் நான் இருப்பேன்.

உடைந்துபோன தன்னை ஒருவன் மீண்டும் கட்டிக்கொள்வதை இங்கே நாம் நேரில் பார்க்கிறோம். அவன் உயிரோடு இருப்பதே அவள் வாங்கிய கடனால். அந்த உண்மை இப்போது அவனுக்குத் தெரியும். அதைத் தாங்க ஒரே வழி, கணக்கைத் திருப்பி எழுதுவது. அவன் அவளுக்கு உயிர் தந்தவன் ஆகிவிட்டான். கடன்பட்டவள் இனி அவள். அவள் பலவீனம் அவளை எனக்கு இன்னும் கவர்ச்சியாக்காவிட்டால் நான் ஆணே அல்ல என்றும் சொல்கிறான். இவ்வளவு அப்பட்டமாக, தன் ஆண்மை மனைவியின் இயலாமையில் நிற்கிறது என்று ஒரு பாத்திரத்தைச் சொல்ல வைத்துவிட்டு, அவனைக் கெட்டவன் என்று முத்திரை குத்தாமல் நகர்ந்த இப்சனின் நிதானம் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நோரா உடை மாற்றிக்கொண்டு வருகிறாள். மேசையில் எதிரெதிரே உட்கார்கிறார்கள். அப்பா வீட்டில் பொம்மைக் குழந்தை, இங்கே பொம்மை மனைவி என்று அவள் சொல்லும் பகுதி எல்லோரும் அறிந்தது. யாரும் நேசிப்பவளுக்காகத் தன் மானத்தைப் பலி கொடுக்க மாட்டான் என்று அவன் சொல்ல, லட்சக்கணக்கான பெண்கள் கொடுத்திருக்கிறார்கள் என்று அவள் பதில் சொல்வதும் அப்படியே. நான் நிறுத்திக் கவனிக்கச் சொல்வது இன்னொரு பரிமாற்றத்தை. வேறு மனிதனாக மாறும் வலு எனக்கு உண்டு என்கிறான் ஹெல்மர். இருக்கலாம், உன் பொம்மையை உன்னிடமிருந்து எடுத்துவிட்டால் என்கிறாள் நோரா. எட்டு வருடம் அவனைத் தாங்கியவள் கொடுக்கும் நோய்க் குறிப்பு அது. அவள் அங்கே இருக்கும் வரை அவனுக்கும் விடுதலை இல்லை.

லாரா கீலர்

இந்த நாடகத்துக்குப் பின்னால் ஓர் உண்மைப் பெண் இருக்கிறார். லாரா கீலர், 1849-இல் வடக்கு நார்வேயின் ட்ரோம்ஸோவில் பிறந்தவர். இப்சனின் ‘பிராண்ட்’ நாடகத்துக்குப் பதில் போல ஒரு நாவலை 1869-இல் எழுதியதால் இப்சனுக்கு அறிமுகமானார். இப்சன் அவரை ‘வானம்பாடி’ என்று அழைத்தார். பிறகு ஹெல்மர் வாயில் வைத்த அதே பெயர்.

லாராவின் கணவர் விக்டர் கீலர் டென்மார்க்கில் ஆசிரியர், காசநோய் கண்டது. தெற்கே அழைத்துப் போக லாரா ரகசியமாகக் கடன் வாங்கினார். கணவர் குணமானார். கடன் கழுத்தை நெரித்தபோது, 1878-இல் ஒரு கைப்பிரதியை எழுதி இப்சனுக்கு அனுப்பி, பதிப்பாளரிடம் சிபாரிசு செய்யக் கேட்டார். எழுத்து தரமாக இல்லை என்று இப்சன் மறுத்துவிட்டார். எல்லாவற்றையும் கணவரிடம் சொல்லிவிடு என்று எழுதினார். ஒரு கலைஞனின் தீர்ப்பாக அது நேர்மையானதாக இருந்திருக்கலாம். ஆனால் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு, யாரிடம் சொல்ல முடியாதோ அவரிடமே போகச் சொன்ன அறிவுரை அது. லாரா போலி ஆவணத்தில் இறங்கினார், பிடிபட்டார். கணவர் அவரை மனநல விடுதியில் சேர்த்தார், பிரிவு கேட்டார், குழந்தைகளை வளர்க்கத் தகுதியற்றவர் என்றார். சுமார் ஒரு மாதத்துக்குப் பின் வெளியே வந்த லாரா, குழந்தைகளுக்காகக் கணவரிடமே திரும்பிப் போனார்.

ஹெல்மர் ஆத்திரத்தில் சொல்லிவிட்டுச் சில நிமிடத்தில் திரும்பப் பெற்றுக்கொள்ளும் தண்டனையை விக்டர் கீலர் நிஜமாகவே கொடுத்திருக்கிறார். இப்சன் ரோமில் 1878 அக்டோபரில் எழுதிய ஆரம்பக் குறிப்புகளில், ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என இரண்டு வகை மனசாட்சிகள் உண்டு, நடைமுறையில் பெண் ஆணின் சட்டத்தால் தீர்ப்பளிக்கப்படுகிறாள் என்று எழுதினார். அந்தச் சிந்தனைக்கு லாராவின் வாழ்க்கை பெரிய தூண்டுதல். நாடகத்தின் புகழோ லாராவை நசுக்கியது. ஊரெல்லாம் அவரை நோரா என்று சுட்டிக்காட்டியது. அவர் தொடர்ந்து எழுதினார், எழுத்தாளராகவே 1932 வரை வாழ்ந்தார். நோராவைப் படைத்தவர் என்ற புகழ் இப்சனுக்குப் போனது. நோராவாக இருந்த விலையை லாரா கொடுத்தார். இதை நாடகத்தின் பெருமையைச் சொல்லும்போதெல்லாம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முடிவை மாற்றியவர்கள்

ஜெர்மனியில் புகழ்பெற்ற நடிகை ஹெட்விக் நீமான்-ராபே கடைசிக் காட்சியை நடிக்க மறுத்தார். நான் என் குழந்தைகளை ஒருநாளும் விட்டுப் போகமாட்டேன் என்பது அவர் காரணம். நாடகத்தை மற்றவர்கள் கையால் வெட்டக் கொடுப்பதைவிடத் தானே வெட்டுவது மேல் என்று இப்சன் 1880-இல் மாற்று முடிவு எழுதிக் கொடுத்தார். அதில் ஹெல்மர் நோராவைக் குழந்தைகளின் அறை வாசலுக்கு இழுத்துப்போகிறான்; அவள் தளர்ந்து விழுகிறாள். அதை இப்சனே காட்டுமிராண்டித்தனமான வன்செயல் என்று பகிரங்கமாக எழுதினார். மனைவி போனதைப் பொறுக்காத பார்வையாளர்கள் கேட்டது அவளுக்கான தண்டனையை என்று நினைக்கிறோம். எனக்கென்னவோ, அவர்களுக்குத் தேவைப்பட்டது ஹெல்மருக்கான ஆறுதல் என்றே தோன்றுகிறது.

சட்டம் மெதுவாக நகர்ந்தது. மணமான பெண்களின் சொத்துரிமைக்காக 1884-இல் நார்வே நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் இப்சனும் கையெழுத்திட்டார். 1888-இல் வந்த சட்டம் மணமான பெண்ணுக்குச் சட்டப்படி வயது வந்தவர் என்ற நிலையையும், தன் சம்பாத்தியத்தின் மேல் உரிமையையும் தந்தது. பெண்ணுரிமைச் சங்கம் 1898-இல் அவருக்கு விருந்து வைத்தபோது, பெண்ணுரிமை இயக்கத்துக்காகத் திட்டமிட்டு உழைத்த பெருமை எனக்கு வேண்டாம், நான் மனிதர்களைச் சித்திரித்தேன் என்றார். இந்தப் பேச்சை எடுத்து வைத்து நாடகத்தில் பெண் பிரச்சினையே இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. முதல் அங்கத்தில் கையெழுத்துப் போட அப்பா வேண்டியிருக்கிறதே, அதை என்ன செய்வார்கள்?

கிரிஸ்டீன், ஆன்-மாரி, சம்பளம்

மற்ற இரண்டு பெண்களின் கணக்கையும் பார்த்தால்தான் கோப்பு முழுமையாகும். குழந்தைகளை வளர்க்கும் ஆன்-மாரி, நோராவையும் வளர்த்தவள். அதற்காகத் தான் பெற்ற மகளை அந்நியரிடம் விட்டவள். எப்படி மனம் வந்தது என்று நோரா கேட்கிறாள். நல்ல இடம் கிடைத்தது, கஷ்டத்தில் இருந்த ஏழைப் பெண்ணுக்கு வேறு வழி என்ன என்கிறாள். நோரா குழந்தைகளை விட்டுப் போகும்போது அது அவளுடைய முடிவு என்று உலகமே விவாதித்தது. ஆன்-மாரி விட்டுவந்ததை யாரும் முடிவு என்றே கருதவில்லை.

கிரிஸ்டீன் படுத்த படுக்கையான தாய்க்காகவும் இரண்டு தம்பிகளுக்காகவும் காசுள்ளவனைக் கட்டிக்கொண்டவள். அவன் ஒன்றும் வைக்காமல் இறந்துபோனான். கடை, பள்ளிக்கூடம் என்று கிடைத்த வேலை செய்து பிழைத்தாள். கடைசியில் பழைய காதலன் குரோக்ஸ்டாடிடம் அவளே போய்ச் சொல்கிறாள்: உழைக்க எனக்கு யாராவது வேண்டும், உன் குழந்தைகளுக்குத் தாய் வேண்டும். நாடகத்தில் யார் யாருக்கு எதற்காகத் தேவை என்று பொய்யில்லாமல் பேசிச் சேரும் ஒரே ஜோடி, பேர் கெட்ட ஆணும் களைத்த விதவையும்தான். அவனுடைய குற்றம் அவளுக்குத் தெரியும். அவளுடைய வறுமை அவனுக்குத் தெரியும்.

நோரா போன பிறகு என்ன ஆவாள் என்ற கேள்வியை மிகக் கூர்மையாகக் கேட்டவர் சீன எழுத்தாளர் லூ சுன். 1923 டிசம்பரில் பெய்ஜிங்கில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பேசியபோது, அவளுக்கு இரண்டே வழி என்றார்: கெட்டுப்போவது அல்லது வீடு திரும்புவது. கையில் காசு இல்லாத விழிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதே அவர் கவலை. லாரா கீலர் திரும்பித்தான் போனார்.

இப்சன் நாடகத்திலேயே அந்தக் கவலைக்கான ஆதாரத்தை வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கதவைத் திறக்கும் முன் ஹெல்மர், உனக்குத் தேவைப்பட்டால் பணம் அனுப்பலாமா என்று கெஞ்சுகிறான். அந்நியரிடமிருந்து நான் எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லி, மோதிரத்தையும் சாவிகளையும் கொடுத்துவிடுகிறாள். நாளைக்குப் பிறந்த ஊருக்கு. இன்று இரவு கிரிஸ்டீனிடம். கிரிஸ்டீனுக்கு அந்த ஊரில் வேலை வாங்கிக் கொடுத்தது யார்? நோராதான், கணவனிடம் கொஞ்சிப் பேசி. அது குரோக்ஸ்டாடை நீக்கியதால் காலியான இடம். சம்பளம் கொடுக்கப்போவது ஹெல்மர் மேலாளராக உட்காரும் அதே வங்கி.